பரிசுத்த தேசப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதை வாசித்துவிடுங்கள்

2019 நவம்பரில் ஜோர்தான், இஸ்ரேல், எகிப்து என்று பத்து நாள் பயணத்துக்கு என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது பேர் கொண்ட குழு. நடத்தியவர் ஓர் ஊழியக்காரர். ஆராதனை முடிந்த கையோடு அறிவிப்புக் கொடுத்து, ஜெபம் செய்து, பெயர் பதிந்தவர். அதனாலேயே நாங்கள் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டால் விசுவாசக் குறைவு என்று நினைப்பாரோ என்ற கூச்சம்.

பெரியம்மாவுக்கு ஒரே ஆசைதான். குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லார் பெயரையும் ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்து பைபிளுக்குள் வைத்திருந்தார். இயேசுவின் கல்லறைக்குள் முழங்காலிட்டு அதை வாசித்து ஜெபிக்க வேண்டும்.

பயணத் திட்டத்தில் "எருசலேமில் மூன்று இரவு" என்று அச்சடித்திருந்தார்கள். தங்கவைத்ததோ பெத்லகேமில். தூரம் 10 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தில் உள்ள ஊர். எருசலேமுக்கு வர இஸ்ரேலியச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். பல குழுக்கள் அங்கே தங்குவது உண்டு, முன்பே சொல்லியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். பரிசுத்த கல்லறை ஆலயத்தை விடியற்காலையிலேயே திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்தில் கூட்டம் குறைவு. நாங்கள் சாப்பிட்டு, பஸ் ஏறி, சோதனைச் சாவடியில் காத்திருந்து போய்ச் சேரும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

கல்லறையின் மேல் சின்னதாக ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ஒரு நேரத்தில் மூன்று நான்கு பேர்தான் உள்ளே போக முடியும். வரிசை அதைச் சுற்றி வளைந்து நின்றது. "உள்ளே போகணும்னா ரெண்டு மணி நேரம் ஆகும், வெளியே நின்னே ஜெபம் பண்ணிக்கோங்க" என்றார் ஊழியக்காரர். அந்த ஆலயத்தில் எங்களுக்குக் கொடுத்தது மொத்தம் நாற்பது நிமிடம். பெரியம்மா தாளைக் கையில் எடுத்துவிட்டார், பிறகு ஒன்றும் பேசாமல் திரும்ப மடித்து வைத்தார்.

அன்று மதியம் பெத்லகேமில் ஒலிவ மரச் சாமான்கள் விற்கும் கடைக்குக் கூட்டிப் போனார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். குழு வாங்கும் பொருளுக்குக் கமிஷன் உண்டு என்று உள்ளூர் வழிகாட்டியே ஒளிக்காமல் சொன்னார். அவர் பிழைப்பு அது, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கல்லறைக்கு இல்லாத நேரம் கடைக்கு எப்படி வந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒலிவமலையில் பரமண்டல ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் எழுதிப் பதித்த ஆலயம் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது. நாங்கள் போனபோது மதிய இடைவேளைக்குப் பூட்டியிருந்தது. பூட்டிய கேட்டுக்கு முன்னால் குழுப்படம் எடுத்து, பட்டியலில் அந்த இடத்துக்கும் ஒரு டிக் அடித்துவிட்டார்கள்.

டிப்ஸ் எல்லாம் கட்டணத்தில் அடக்கம் என்றார்கள். இரண்டாம் நாளே பஸ்ஸில் கவர் சுற்றி வந்தது, டாலராகப் போடச் சொன்னார்கள். எகிப்தில் மறுபடியும் ஒரு கவர்.

இத்தனை ஆட்களைச் சேர்த்தால் சேர்ப்பவருக்கு ஒரு சீட்டு இலவசம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அதுவும் பரவாயில்லை, வெளிப்படையாகச் சொன்னால் போதும்.

நீங்கள் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த ஓட்டல், எந்த ஊர்? எந்த ஆலயத்துக்குள் போகிறோம், எதை வெளியிலிருந்து பார்க்கிறோம்? "தரிசித்தல்" என்று மட்டும் போட்டிருந்தால் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினாலும் கேட்க முடியாது. டிப்ஸ் உட்பட மொத்தம் எவ்வளவு? மூன்று நாடு என்றால் எல்லைகளில் எத்தனை மணி நேரம் போகும் என்பதையும் கேளுங்கள். எங்களுக்கு ஜோர்தானிலிருந்து வரும் ஆலன்பி பாலத்திலும் எகிப்துக்குள் நுழையும் தாபாவிலும் கிட்டத்தட்ட இரண்டு பகல் கரைந்தது.

திரும்பி வந்ததும் ஊழியக்காரருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, படி ஏற முடியாது. அந்தத் தாள் இன்னும் பைபிளுக்குள்தான் இருக்கிறது.