பெட்டித் தேங்காய்ப்பால்: பாலில்லாத கேக்குக்கு வாங்கலாமா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சேர்த்து ஒரு மதிப்பீடு

கேக்குக்கும் சாக்லேட் பூச்சுக்கும் தாராளமாக வாங்கலாம். பாயசத்துக்கும் குருமாவுக்கும் வேண்டாம், அங்கே கையால் பிழிந்த பாலை எந்தப் பெட்டியும் நெருங்காது. 200 மி.லி. அட்டைப்பெட்டியாக சேலத்தின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் வரும் தேங்காய்ப்பாலைப் பற்றி ஒரே வரியில் கேட்டால் பதில் இதுதான். விலை தேங்காயைவிடக் கூடுதல். ஆனால் கேக்கில் அந்தக் கூடுதல் காசுக்கு வேலை நடக்கிறது.

காரணம் கொழுப்பின் அளவு. வீட்டில் பிழியும் முதல் பால் ஒரு நாள் கெட்டியாக வரும், மறுநாள் நீர்த்து வரும். தேங்காயின் முற்றல், ஊற்றிய வெந்நீர், பிழிந்த கையின் அழுத்தம் என்று எல்லாமே அதை மாற்றும். குழம்பில் அது பொருட்டில்லை. கேக்கிலோ கொழுப்பு குறைந்தால் துண்டு ரப்பர் போல இழுக்கும், கூடினால் அடியில் எண்ணெய் தங்கும். பெட்டியில் வருவது பெரும்பாலும் 17 முதல் 20 சதவீதக் கொழுப்புள்ளது. ஒரே தயாரிப்பை வாங்கினால் ஒவ்வொரு முறையும் அதே அளவு கிடைக்கும். 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை 'லைட்' என்ற பெயரில் விற்கிறார்கள். அதை கேக்குக்கு எடுக்காதீர்கள்.

வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். தேங்காய்ச் சாறு, தண்ணீர், குவார் கம் அல்லது சாந்தன் கம் (பாலைக் கெட்டியாக்கும் பொருள்கள்), 435 என்ற எண்ணுள்ள எமல்சிஃபையர் (நீரும் கொழுப்பும் பிரியாமல் பிடித்து வைப்பது) ஆகியவை இருந்தால் பயமில்லை. பால் ஒவ்வாமை உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது தேங்காய்ப்பால் பொடியைத்தான். பல பொடிகளில் சோடியம் கேசினேட் சேர்ந்திருக்கும். பெயர் வேதிப்பொருள் மாதிரி இருந்தாலும் அது மாட்டுப்பாலிலிருந்து எடுத்த புரதம். பச்சைப் புள்ளியும் இங்கே உதவாது. அது சைவம் என்றுதான் சொல்கிறது, பாலும் நெய்யும் அந்தப் புள்ளிக்குள் அடக்கம். 2022-இல் வந்த வீகன் (பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராத) உணவு விதிமுறைப்படி தனியாக ஒரு பச்சை 'வி' முத்திரை உண்டு. அதைத் தேடுங்கள், இல்லையென்றால் ஒவ்வாமைக் குறிப்பில் பால் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கரியில் 'எக்லெஸ்' என்று கேட்டு வாங்கிவிட்டு அதில் பாலும் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. முட்டைக்குப் பதிலாக அங்கே போவது பெரும்பாலும் தயிரும் கண்டென்ஸ்டு மில்க்கும்தான்.

இனி ஒரு பெட்டிக்குச் சரியான அளவு. 7 அங்குல வட்ட டின்னுக்கு மைதா 200 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றைச் சலித்துக்கொள்ளுங்கள். தனிக் கிண்ணத்தில் முழுப் பெட்டி தேங்காய்ப்பால், எண்ணெய் 40 மி.லி., ஆறிய ஏற்காட்டுக் காப்பி டிகாஷன் 70 மி.லி. (வேண்டாமென்றால் வெறும் தண்ணீர்), வினிகர் 1 டேபிள்ஸ்பூன். ஈரத்தை மாவில் ஊற்றி, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் கரண்டியை எடுத்துவிட வேண்டும். சோடாவும் வினிகரும் சேர்ந்த நொடியே குமிழி கிளம்பிவிடும், ஆகவே மாவு ஓவனுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஓவன்தான் 175 டிகிரியில் சூடாகி மாவுக்காகக் காத்திருக்க வேண்டும். 35 முதல் 40 நிமிடம். நடுவில் குத்திய குச்சியில் ஈரமாவு ஒட்டாமல், ஓரிரு துகள் மட்டும் ஒட்டி வந்தால் போதும்.

பெட்டியைத் திறக்கும் முன் நன்றாகக் குலுக்குங்கள். குளிர்ந்த இடத்தில் இருந்த பெட்டியைக் குலுக்காமல் வெட்டினால் முதலில் நீர்த்த பால் ஓடிவரும், கெட்டிப் பகுதி மூலைகளில் வெண்ணெய்க் கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஆகிவிட்டால் பெட்டியை முழுக்க வெட்டித் திறந்து வழித்தெடுத்து, வெந்நீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துக் கலக்குங்கள். வழிக்காமல் விட்டால் பாதிக் கொழுப்பு குப்பைக்குப் போய்விடும்.

கேக் வெளிறி வருகிறது என்று பலரும் குறைப்படுவார்கள். மேலே பொன்னிறம் தருவது பாலின் புரதமும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும். தேங்காய்ப்பாலில் லாக்டோஸ் கிடையாது, புரதமும் சொற்பம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை சொன்னது அதனால்தான். நிறம் வரட்டும் என்று நேரத்தைக் கூட்டினால் உள்ளே வறண்டுவிடும். பன், ரொட்டி சுடுவதென்றால் சர்க்கரை சேர்க்காத சோயா பால் மேல், அதில் புரதம் இருப்பதால் நன்றாகச் சிவக்கும்.

ஏற்காட்டில் இதே அளவு அப்படியே நடக்காது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரிக்கருகே கொதிக்கும். குமிழிகள் வேகமாகப் பெருத்து, மாவு வெந்து நிற்பதற்குள் உடைந்துவிடும். மேலே எழும்பி வந்த கேக் ஓவனுக்குள்ளேயே நடுவில் குழிவதற்கு அதுதான் காரணம். பேக்கிங் பவுடரையும் சோடாவையும் கால் பங்கு குறையுங்கள், தண்ணீரை 2 டேபிள்ஸ்பூன் கூட்டுங்கள், சூட்டை 185 டிகிரிக்கு ஏற்றி ஐந்து நிமிடம் முன்னதாகவே குத்திப் பாருங்கள்.

குளிரும் அங்கே ஒரு தொல்லை. கேக்குக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்தால், அது சுமார் 24 டிகிரியில் உறையும். சேலத்தில் ஆண்டின் பெரும்பகுதி அது திரவம்தான். மார்கழிக் காலையில் ஏற்காட்டுச் சமையலறையில் உருக்கிய எண்ணெயைக் குளிர்ந்த தேங்காய்ப்பாலில் ஊற்றினால் அரிசி நொய் அளவுக்கு வெள்ளை மணிகள் மிதக்கும். அதை அப்படியே சுட்டால் கேக்கில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும், அடி பிசுபிசுக்கும். பெட்டியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கலந்தால் தீர்ந்தது. கடலை எண்ணெய் ஊற்றினால் உறையாது, ஆனால் செக்கு எண்ணெயின் வாசம் கேக்கில் தூக்கலாக நிற்கும்.

சாக்லேட் பூச்சுக்கு 200 கிராம் டார்க் சாக்லேட், 100 மி.லி. தேங்காய்ப்பால். பாலைச் சுற்றிலும் சிறு குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, நறுக்கிய சாக்லேட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு நடுவிலிருந்து கலக்குங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் இதற்கு மேல் பாலைக் கூட்டினால் பூச்சு வழிந்தோடும். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு கொழுப்பு சேர்த்த 'டார்க் காம்பவுண்ட்' கட்டிகள் பலவற்றில் பால் திடப்பொருள் உண்டு, ஆகவே அதையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தேங்காய்ப்பாலை அடித்து நுரைத்த க்ரீம் ஏசி இல்லாத அறையில் சேலத்துக்கு ஒத்துவராது. எமல்சிஃபையர் சேர்ந்த பெட்டியில் க்ரீம் தனியாகப் பிரிவதும் கடினம்.

பாயசம் வேறு கதை. சேலத்து ஜவ்வரிசிக்குப் பெட்டிப் பால் ஊற்றினால் கம்மின் வழவழப்பு நாக்கில் தெரியும், தேங்காயின் மணம் பாதிகூட இருக்காது. சூரமங்கலம் அல்லது தாதகாப்பட்டி உழவர் சந்தையில் முற்றிய தேங்காய் ஒன்று வாங்கிப் பிழியுங்கள். ஜவ்வரிசி கண்ணாடி போல் வெந்து, வெல்லப்பாகு சேர்ந்து, அடுப்பை அணைத்த பிறகே முதல் பால். கொதியில் ஊற்றினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்.

குழந்தைக்குக் குடிக்கிற பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்காதீர்கள். கால்சியமும் புரதமும் இதில் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. மேலே சொன்ன கேக்கில் 50 கிராம் மைதாவை எடுத்துவிட்டுக் கேழ்வரகு மாவு போடலாம். அதற்கு மேல் போட்டால் உதிரும். அது தண்ணீரை இழுக்கும் என்பதால் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் கூடுதலாகச் சேருங்கள்.

திறந்த பெட்டியில் மிச்சமிருந்தால் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்தால் இன்னும் தாங்கும். உருகும்போது திரிந்தது போலத் தெரியும், மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கேக்குக்கும் குழம்புக்கும் ஆகும்.