ஹேட்ச்பேக்கில் ரோல் கேஜ்: போல்ட்-இன் கிட்டும் வெல்ட்-இன்னும் ஹேண்ட்லிங்கை எவ்வளவு மாற்றும்?

போலோ, ஸ்விஃப்ட் மாதிரி ஃபிரண்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக்கை டிராக்குக்குத் தயார் செய்கிறவர்கள் ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காக்க உள்ளே பொருத்தும் பைப் கூண்டு) பற்றி விசாரிக்கும்போது, பாதுகாப்புக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஹேண்ட்லிங்கை, அதாவது வண்டி திரும்பும் விதத்தைத்தான். கிடைப்பது இரண்டு வகை. ஒன்று, ரெடிமேடாக வரும் ஆறு கால் போல்ட்-இன் கிட். மற்றது, வண்டியை ஷாப்பில் விட்டு அளவெடுத்து வண்டியின் உடலான ஷெல்லோடு சேர்த்து வெல்ட் செய்வது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வண்டி உருண்டால் தலையைக் காப்பாற்ற, ஒழுங்காகப் பொருத்திய இரண்டுமே உதவும். ஹேண்ட்லிங்குக்காக மட்டும் என்றால் போல்ட்-இன்னில் பணம் போடாதீர்கள். வெல்ட்-இன்னிலும் பைப் முன் ஸ்ட்ரட் டவர் (முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இடம்) வரை போகாவிட்டால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஷெல் எங்கே நெளிகிறது என்று பார்த்தால் காரணம் புரியும். ஹேட்ச்பேக்கில் இரண்டு பலவீனமான இடங்கள்: டிக்கிக் கதவுக்கான பெரிய திறப்பு, ஃபயர்வாலுக்கு (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டுக்கு) முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்ட்ரட் டவர்கள். மூடி திறந்த அட்டைப்பெட்டியை இரு முனையிலும் பிடித்து முறுக்கினால் எப்படி நெளியுமோ, பின்பக்கம் அப்படித்தான். போல்ட்-இன் கிட்டில் முன்சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைவான மெயின் ஹூப், அதன் குறுக்கே சாய்வாக ஒரு டயகனல் பைப், பின் டாம்பர் (ஷாக் அப்சார்பர்) மவுண்ட் பக்கத்தில் இறங்கும் இரண்டு பேக்ஸ்டே பைப் எல்லாம் சேர்ந்து முக்கோணம் ஆவதால் அந்தப் பகுதி உண்மையாகவே இறுகும். டயகனல் இல்லாத கிட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

முன்பக்கம்தான் ஏமாற்றம். கிட்டின் முன்கால்கள் டேஷ்போர்டைச் சுற்றி வந்து கால் வைக்கும் இடத்தில் ஃப்ளோரில் முடிகின்றன. கார்னரில் முன்சக்கரத்தின் விசை ஏறுவதோ அங்கிருந்து தள்ளியிருக்கும் ஸ்ட்ரட் டவரில். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமனில்லாத தகடு. பைப் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அந்தத் தகடு வளைந்து கொடுக்கிற அளவுக்கு முன்பகுதி வளையத்தான் செய்யும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். எண்கள் மாதிரிக்குத்தான், ரோல் சென்டர் (வண்டி சாயும்போது எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வழியாக நேரே போகும் விசையையும் சேர்க்கவில்லை. முன்பக்க ரோல் விறைப்பு (பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் விறைப்பு) பாகைக்கு 300 நியூட்டன் மீட்டர், பின்பக்கம் 700 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரண்ட் வீல் டிரைவ் ரேஸ் கார்களில் வண்டி சுலபமாகத் திரும்பட்டும் என்று பின்பக்கத்தை இறுக்கமாக வைப்பது வழக்கம். உருட்டும் விசையில் 60 சதவீதம் முன்னாலும் 40 சதவீதம் பின்னாலும் பிறக்கிறது. ஷெல் துளியும் முறுக்கிக்கொள்ளாது என்றால் முன் ஆக்சில் தாங்குவது 30 சதவீதம். ஷெல்லின் முறுக்கு விறைப்பு பாகைக்கு 3,000 என்றால் அது 32 ஆகும். வெறும் இரண்டு புள்ளி வித்தியாசம், ஓட்டுபவருக்கு உறைப்பது கடினம்.

இப்போது ஸ்ப்ரிங், பார் (சாய்வைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பார்) எல்லாவற்றையும் மும்மடங்கு இறுக்கி 900, 2,100 ஆக்குங்கள். அதே ஷெல்லில் முன்பங்கு 35 சதவீதத்துக்கு ஏறிவிடும். பின்னால் காசு கொடுத்து வாங்கிய இறுக்கத்தில் ஒரு பகுதி ஷெல்லை முறுக்குவதிலேயே கரைந்து, விரட்டிய அண்டர்ஸ்டியர் (கார்னரில் மூக்கு வெளியே தள்ளுவது) திரும்பி வந்துவிட்டது. கேஜ் போட்டு ஷெல்லை 6,000 ஆக்கினால் முன்பங்கு 33க்கு இறங்குகிறது. கம்பெனி ஸ்ப்ரிங்கில் ஓடும் வண்டிக்குக் கேஜ் போட்டு லேப் டைம் குறையவில்லையே என்று புலம்புவதில் அர்த்தமில்லாதது இதனால்தான். அந்த ஸ்ப்ரிங்குக்கு அந்த ஷெல்லே போதும். காயில்ஓவரும் (உயரம் மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-டாம்பர் செட்) ரேஸ் டயரை ஒத்த செமி-ஸ்லிக் டயரும் போட்ட வண்டியில்தான் கேஜின் வேலை தெரியும்.

தெரியும்போது அது எப்போதும் சுகமாக இருக்காது. ஸ்டியரிங் திருப்பியதும் மூக்கு உடனே உள்ளே போகும், சரி. ஆனால் பழைய ஷெல்லுக்காகப் பின்பக்க பாரை இறுக்கிக்கொண்டே போன வண்டியில், நடுக்கார்னரில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வெளியே வீசும். வேகமான கார்னரில் இது விளையாட்டல்ல. கேஜ் போட்ட பிறகு முதல் முறை ட்ராக்குக்குப் போகும்போது பின்பக்க பாரை, இறுக்கத்தை மாற்ற அதில் உள்ள ஓட்டைகளில் ஒரு ஓட்டை தளர்த்திவிட்டே கிளம்புங்கள். முன்பு இரண்டு ஓட்டை மாற்றினால் தெரிந்த வித்தியாசம் இப்போது ஒன்றிலேயே தெரியும், ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். டாம்பரையும் மறுபடி பார்க்க வேண்டும். ஷெல்லும் ஒரு ஸ்ப்ரிங்தான், அதுவும் டாம்பர் இல்லாத ஸ்ப்ரிங். அது இறுகியதும் அதன் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த டாம்பர் செட்டிங்கின் குறைகள் ட்ராக் ஓரத்துக் கெர்ப்பில் ஏறும்போது அப்பட்டமாகத் தெரியும்.

எடைக்கு வருவோம். 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிமனும் உள்ள பைப் மீட்டருக்கு 2.6 கிலோ, 38 x 2.5 பைப் 2.2 கிலோ. மெயின் ஹூப்புக்கு 4 மீட்டர், மற்றதுக்கு 14 மீட்டர் என்றால் 41 கிலோ, தகடுகள் தனி. இந்த எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 85 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஈர்ப்பு மையம் 52 செ.மீ.யில் உள்ள 1,000 கிலோ வண்டியில் 40 கிலோ கேஜ் போட்டால் அந்த மையம் ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் கூடவே உயரும். பின்சீட்டு, கார்பெட், சத்தம் குறைக்கும் தார் ஷீட் எல்லாம் எடுத்து எடையை ஈடுகட்டலாம், உயரத்தை ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் கழற்றுவதில் பெரும்பாலானவை கீழே இருப்பவை. மெயின் ஹூப்பை 50 x 2.0 பைப்பில் செய்தால் மீட்டருக்கு 2.4 கிலோதான், வளைவு விறைப்பும் 15 சதவீதம் கூடுதல். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ இரண்டையும் ஏற்கிறது. 5 மி.மீ. இடம் போவது ஹெல்மெட்டுக்கு இடிக்காது என்றால் அதையே கேளுங்கள்.

பைப்பின் தரத்தில்தான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. சாதாரண ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சுலபமாகக் கிடைப்பது தையல் போட்ட ஈஆர்டபிள்யூ பைப். எஃப்ஐஏவின் பிற்சேர்க்கை ஜே, 253ஆம் பிரிவு கேட்பது குளிர்நிலையில் இழுத்த தையலில்லாப் பைப், இழுவிசை வலிமை குறைந்தது 350 மெகாபாஸ்கல். பைப் ஆலை தரும் தரச் சான்றான மில் சர்ட்டிஃபிகேட் காட்டாதவரிடம் வேலை கொடுக்காதீர்கள். வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். வளைவின் உட்புறம் சுருக்கம் விழுந்திருந்தால், சூடாக்கி வளைத்திருந்தால், அந்த ஹூப்பைத் திருப்பி அனுப்புங்கள். போல்ட்-இன்னில் மெயின் ஹூப், முன்கால் ஒவ்வொன்றின் அடியிலும் 3 மி.மீ. தடிமனில் 120 சதுர செ.மீ. பரப்புள்ள தகடும், 8.8 தர எம்8 போல்ட் மூன்றும் குறைந்தபட்சம். கிட்டோடு வரும் சின்ன வாஷரை ஃப்ளோருக்கு அடியில் போட்டு முடுக்கினால், உருளும்போது கால் ஃப்ளோரைக் கிழித்துக்கொண்டு இறங்கும். முதல் செஷன் முடிந்ததும் போல்ட்டுகளைத் திரும்ப டார்க் ரெஞ்சில் பாருங்கள். பெயிண்டும் சீலரும் நசுங்கித் தளர்ந்திருக்கும்.

வெல்ட்-இன்னில் பார்க்க வேண்டிய முதல் இடம் கூரையோரம். பைப் கூரையை ஒட்டி இருப்பதால் ஜாயின்ட்டின் மேல்பக்கம் வெல்டிங் டார்ச் போகாது, பல பட்டறைகளில் முக்கால் சுற்றோடு விட்டுவிடுகிறார்கள். சரியான முறை: கால் நிற்கும் இடங்களில் ஃப்ளோரில் ஓட்டை போட்டு, டேக் செய்த (புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டிய) கேஜைக் கீழே இறக்கி, மேல்பக்கத்தை முழுதாக வெல்ட் செய்து, ஏற்றி, அடியில் பெட்டி கட்டி மூடுவது. சின்னக் கண்ணாடியைப் பிடித்து ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேற்புறத்தையும் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். அடுத்தது, வெல்ட் செய்யும்போது வண்டி சமமாக நிற்க வேண்டும். ஒரு மூலை ஜாக்கியில் தூக்கியிருக்கும்போது வெல்ட் செய்தால் அந்த முறுக்கு ஷெல்லிலேயே நிரந்தரமாகப் பூட்டிவிடும், பிறகு கார்னர் வெயிட்டை (ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் எடையை) சரிசெய்வது பெரும்பாடாகிவிடும். பேட்டரி, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) கழற்றியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஹேண்ட்லிங்குக்காகக் கூடுதலாக ஏதாவது செய்வதென்றால், முன்கால்களிலிருந்து ஃபயர்வால் வழியாக ஸ்ட்ரட் டவருக்கு ஒரு ஜோடி பைப், ஏ-பில்லரையும் (முன்கண்ணாடி ஓரத் தூண்) பி-பில்லரையும் (முன்கதவுக்குப் பின் உள்ள தூண்) பைப்போடு இணைக்கும் தகடுகள், இவை இரண்டும்தான். கதவுக்குக் குறுக்கே போகும் எக்ஸ் பார் பக்கவாட்டு மோதலுக்கு அவசியம். போட்டிக்கு என்றால் இதில் கை வைப்பதற்கு முன் உங்கள் கிளாஸுக்கான எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) விதியைப் படித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் சக்கரத்தின் கோணங்களான கேம்பர், டோ, பிறகு கார்னர் வெயிட் மூன்றையும் டிரைவரை உட்காரவைத்துப் பாருங்கள்.

அதே வண்டியில் ஆபீசுக்கும் போவேன் என்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். ஹெல்மெட் இல்லாத தலைக்கு ஓரடி தூரத்தில் இருக்கும் பைப், சின்ன மோதலிலேயே மண்டையைப் பிளக்கும். கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அது விரியவும் இடமில்லை. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். எப்போதாவது மட்டும் டிராக்குக்குப் போகிறவர்களுக்கு, பின்சீட்டை எடுத்துவிட்டு மெயின் ஹூப், டயகனல், பேக்ஸ்டே மட்டும் உள்ள நாலு கால் ரோல் பார் போதும். போல்ட்-இன் கிட்டில் ஹேண்ட்லிங்குக்கு உதவுகிற பகுதியும் அதுதான், எடையும் பாதிக்குப் பக்கம். தலை படக்கூடிய இடத்தில் போட வேண்டியது எஃப்ஐஏவின் 8857-2001 முத்திரை உள்ள பேடிங், ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கருப்பு ஃபோம் அல்ல.