பூனைக்கு ரெவல்யூஷன்: மாதம் ஒரு டியூப், தேதி தவறாமல்

கொசுக்கடியால் பரவும் இதயப்புழு பூனையின் உடம்பில் வளர்ந்துவிட்டால், அதைக் கொல்ல அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. நாய்க்குப் போடும் மெலார்சோமின் ஊசி பூனைக்கு நஞ்சு. பூனைக்கோ ஒன்றிரண்டு புழுவே உயிருக்கு உலை வைக்கும். கொசு கடித்த மூன்று நான்கு மாதத்தில் நுரையீரலுக்கு வரும் இளம்புழுக்களால் உண்டாகும் இருமலை ஆஸ்துமா என்று நினைத்து விடுவதும் உண்டு. வராமல் தடுப்பதே வழி. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும் ஜோயட்டிஸ் நிறுவனத்தின் ரெவல்யூஷன் என்ற, தோலில் விடும் மருந்தை அதற்குத் தாராளமாக வாங்கலாம்.

இதிலுள்ள மருந்து செலமெக்டின், பூனையின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 6 மி.கி. 2.2 கிலோ வரை 15 மி.கி. டியூப், அதற்கு மேல் 6.8 கிலோ வரை 45 மி.கி. எட்டு வாரக் குட்டியிலிருந்து போடலாம். காசு மிச்சம் என்று நாய் டியூபை வாங்கிப் பங்கு போடாதீர்கள். அதன் செறிவு இரண்டு மடங்கு, அளவு கட்டாயம் தப்பும்.

டியூபை நிமிர்த்திப் பிடித்து மூடியை அழுத்தினால் 'க்ளிக்' என்று சீல் உடையும். தோள்பட்டைக்கு முன்னால், கழுத்தடியில் முடியை விலக்கி, வெள்ளைத் தோல் தெரிந்த இடத்தில் முனையை வைத்து மூன்று நான்கு முறை பிதுக்குங்கள். அழுத்திய விரலைத் தளர்த்தாமலே டியூபை எடுக்க வேண்டும். தளர்த்தினால் மருந்து திரும்ப உள்ளே ஏறிவிடும். பலரும் தவறுவது இங்கேதான். தேய்க்க வேண்டாம், ஈர முடியில் போட வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டலாம். போட்ட இடத்தில் முடி விறைத்து வெள்ளைப் பொடி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நக்கினால் எச்சில் வடியும். நாக்கு எட்டாத இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

இது வரப்போகும் கொசுக்கடிக்குக் கேடயம் அல்ல. கடந்த ஒரு மாதத்தில் உடம்புக்குள் புகுந்த இதயப்புழு லார்வாக்களை இப்போது கொல்கிறது. ஆகவே ஒரு மாதம் விட்டுப்போனால், அப்போது நுழைந்தவை மருந்துக்கு அடங்காத அளவு வளர்ந்துவிடக்கூடும். மறந்திருந்தால் நினைவு வந்த அன்றே போட்டு, அந்தத் தேதியிலிருந்து மாதக் கணக்கைத் தொடருங்கள்.

தெள்ளு, காதுப்பூச்சி, உருண்டைப்புழு, கொக்கிப்புழு நான்கையும் இதுவே பார்த்துக்கொள்ளும். நாடாப்புழுவுக்கு ஆகாது. உண்ணித் தொல்லை உள்ள வீட்டுக்கு உண்ணியைக் கொல்லும் சாரோலனர் மருந்தும் சேர்ந்த ரெவல்யூஷன் பிளஸ்தான் சரி. லூசியானா, ஃப்ளோரிடா பக்கம் பன்னிரண்டு மாதமும் போடுங்கள். வீட்டை விட்டு இறங்காத பூனைக்கும்தான். கொசு உள்ளே வர ஜன்னல் வலையில் ஒரு கிழிசல் போதும்.