ஃபிரெட்லெஸ் பேஸுக்கு எந்த ஃப்ளாட்வவுண்டு? தாமஸ்டிக், குரோம்ஸ், லா பெல்லா

ஜாஸ் பேஸ் கிட்டார் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் சத்தம்தான் வேண்டும் என்றால், தட்டைச் சுற்றுக் கம்பியான ஃப்ளாட்வவுண்டு பக்கமே வராதீர்கள். 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் ஃபிரெட்லெஸ், அதாவது கழுத்தில் உலோகப் பட்டிகள் (ஃபிரெட்) இல்லாத பேஸ், வாங்குகிறார்கள். ஆனால் அவர் போட்டிருந்தவை ரோட்டோசவுண்டின் ரவுண்டுவவுண்டு (உருண்டைச் சுற்று) கம்பிகள். உருண்டைச் சுற்று மரத்தைத் தேய்த்துவிடும் என்பதால் தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஃபிங்கர்போர்டில் (விரல் அழுத்தும் பலகையில்) படகுக்குப் பூசும் எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினைப் பூசி வைத்திருந்தார். அந்தக் கூர்மையான, பாடுகிற சத்தத்தில் எபாக்சிக்கும் பங்கு உண்டு, புதுக் கம்பிக்கும் பங்கு உண்டு. பூச்சு இல்லாத ரோஸ்வுட்டில் ரவுண்டுவவுண்டு போட்டால் சத்தம் கிட்டத்தட்ட வரும், ஆனால் சில வருடங்களில் பலகையில் கோடு விழும்.

சரி, மரமும் பிழைக்க வேண்டும், விரல் வழுக்கும்போது கீச்சென்ற சத்தமும் கூடாது என்பவர்களுக்குத்தான் ஃப்ளாட்வவுண்டு. உள்கம்பியின்மேல் உருண்டைக் கம்பிக்குப் பதிலாக நாடா போன்ற தட்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். வயலின் கம்பிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துப் போகும் ஜாரு போன்ற கமகங்களை பேஸில் முயல்பவர்களுக்கு இந்த வழவழப்பு பெரிய வசதி. இழுக்கும் வழியெல்லாம் ஸ்வரம் மட்டுமே கேட்கும், உரசல் கேட்காது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஃபிரெட் உள்ள பேஸில் கம்பி ஓர் உலோக விளிம்பில் போய் முடிகிறது. ஃபிரெட்லெஸ்ஸில் அது விரலின் சதையிலும் மரத்திலும் முடிகிறது. மேல் அதிர்வெண்கள் அங்கேயே பாதி கரைந்துவிடும். அதன்மேல் ஏற்கெனவே மந்தமான ஃப்ளாட்வவுண்டையும் போட்டால் ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போகலாம். சுருதி சுத்தமாக இருக்கிறதா என்று காது கண்டுபிடிப்பதும் கஷ்டமாகிறது. அதனால் ஃபிரெட் பேஸ்காரர்கள் சொல்லும் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே சரியான இருள் இங்கே அதிகமாகிவிடும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் முதலில் நிற்பது தாமஸ்டிக் இன்ஃபெல்டின் ஜாஸ் ஃப்ளாட்ஸ். வியன்னாவில் 1919-இல் தொடங்கிய நிறுவனம், வயலின் குடும்பத்துக் கம்பிகளுக்குப் பேர்போனது. ஜேஎஃப்344 செட்டின் கேஜ் (கம்பியின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) 43, 56, 70, 100. நடுவில் உள்ள இரண்டு கம்பிகளும் மற்ற செட்களோடு ஒப்பிட்டால் நன்றாகவே மெலிந்தவை. மேல்சுற்று நிக்கல். டென்ஷன் (கம்பியின் இழுவிசை) மிகக் குறைவு, முதல்முறை தொடுபவருக்குக் கம்பி தொளதொளவென்று இருப்பதாகத் தோன்றும். அந்தத் தளர்வுதான் ஃபிரெட்லெஸ்ஸில் வேலை செய்கிறது. அதிரும்போது கம்பி அகலமாக ஆடும், ஆக்ஷனை (பலகைக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை) தாழ்த்தி வைத்தால் பலகையை லேசாக உரசிக்கொண்டே போகும். ஃபிரெட்லெஸ்ஸில் எல்லோரும் தேடும் அந்த ‘ம்வா’ என்ற பாடுகிற சத்தம் இந்த உரசலிலிருந்துதான் வருகிறது. விரலை அசைத்தால் வைப்ரேட்டோ அழகாகத் திறக்கும், நடு அதிர்வெண்கள் முன்னால் வந்து பேசும்.

குறையும் உண்டு. வலது கை கனமானவர்களுக்கு இது ஆகாது. ஓங்கி இழுத்தால் கம்பி பலகையில் மோதி டக்கென்று அடிக்கும், சுருதியும் ஒரு கணம் மேலே ஏறி இறங்கும். விலையும் மற்ற இரண்டைவிட அதிகம். ஆனால் ஃப்ளாட்வவுண்டு வருடக்கணக்கில் உழைக்கும் என்பதால் விலையை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது டடாரியோ குரோம்ஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாடாவைச் சுற்றி மெருகேற்றியது. இசிபி81 செட் 45, 65, 80, 100. பரவலாகக் கிடைக்கும் ஃப்ளாட்வவுண்டுகளில் பளிச்சென்ற பக்கம் நிற்பது இதுதான். புதிதாகப் போட்ட நாட்களில் ரவுண்டுவவுண்டோ என்று சந்தேகம் வரும் அளவுக்குக்கூட இருக்கும், அப்புறம் வாசிக்க வாசிக்க இறங்கி நிலைபெறும். மேலே சொன்ன கரைந்துபோகும் சிக்கலுக்கு இந்தப் பளிச்சே மருந்து. டிரம்ஸும் கீபோர்டும் முழுவீச்சில் இருக்கும் குழுவில் உங்கள் ஸ்வரம் தனியாகக் கேட்கும். டென்ஷன் தாமஸ்டிக்கைவிடக் கூடுதல், கைக்குக் கெட்டியாக நிற்கும். அந்தக் கெட்டித்தன்மையால் ‘ம்வா’ கொஞ்சம் கஞ்சத்தனமாகத்தான் வரும். ரவுண்டுவவுண்டிலிருந்து மாறுபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். பிடிக்காமல் போனாலும் கையைக் கடிக்காது.

லா பெல்லாவைப் பற்றிப் பேசினால் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர் வராமல் இருக்காது. டெட்ராய்டில் மோடவுன் நிறுவனத்தின் பாடல்களுக்கு அவர் வாசித்தது லா பெல்லாவின் கனமான ஃப்ளாட்வவுண்டில். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். இன்று அந்தக் கேஜில் விற்கும் செட் 52, 73, 95, 110. ஆனால் அவர் வாசித்தது ஃபிரெட் உள்ள பிரிசிஷன் பேஸ் என்பதை மறந்துவிட்டு அதே செட்டை ஃபிரெட்லெஸ்ஸில் போடுகிறார்கள். கழுத்து வளையும், அதை நிமிர்த்த கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைத் திருக வேண்டியிருக்கும், இவ்வளவுக்குப் பிறகு கிடைப்பது ‘தும்’ என்ற ஒரு சத்தம். அந்தத் ‘தும்’ பிரமாதமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஃபிரெட்லெஸ் எதற்கு? லா பெல்லாதான் வேண்டும் என்றால் 45, 65, 85, 105 உள்ள டீப் டாக்கிங் செட்டை எடுங்கள். பழைய ரெக்கே, மெதுவான சோல் மாதிரி ஸ்வரம் குறைவாகவும் இடைவெளி அதிகமாகவும் உள்ள இசைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ரோட்டோசவுண்டும் ஜாஸ் பேஸ் 77 என்று ஒரு ஃப்ளாட்வவுண்டு விற்கிறது, சுற்று மோனெல் உலோகம். அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் பெயரில் வரும் கனமான செட்டும் இந்தக் குடும்பம்தான். சத்தத்தில் கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு, சிலருக்கு அதுவே பிடிக்கும். எனக்கு அவ்வளவாக இல்லை.

கறுப்பு நைலான் நாடா சுற்றிய டேப்வவுண்டையும் பலர் இதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். மரத்துக்கு அதைவிட மென்மையானது கிடையாது, சத்தம் டபுள் பேஸ் பக்கம் சாயும். ஆனால் பருமன் அதிகம்: லா பெல்லாவின் 760என் செட் 60-இல் தொடங்கி 115-இல் முடிகிறது. நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் துண்டின்) பள்ளங்களை அகலப்படுத்தாமல் உட்காராது, அகலப்படுத்திய நட்டில் மெல்லிய கம்பிக்குத் திரும்பினால் ஆட்டம் கொடுக்கும். வேறு வழியில்லை என்று முடிவான பிறகு அரத்தை எடுங்கள்.

என் தேர்வு கேட்டால்: எபாக்சி இல்லாத மரப் பலகை, மென்மையான கை, பேஸ் மெலடி வாசிக்க வேண்டும் என்றால் தாமஸ்டிக். குழுவில் வாசிப்பவருக்கும், கை எப்படிப்பட்டது என்று இன்னும் தெரியாதவருக்கும் குரோம்ஸ். ஐந்து கம்பி பேஸ் என்றால் குரோம்ஸின் பி கம்பி 132, தாமஸ்டிக்கில் அது 136.

எதை வாங்கினாலும் மாட்டும்போது இரண்டு கவனம். உடலுக்குப் பின்னாலிருந்து கம்பி நுழைக்கும் பேஸாக இருந்தால், மேலேயே பிரிட்ஜில் மாட்டும் வசதி உண்டா என்று பாருங்கள். கூர்மையான மடிப்பில் தட்டைச் சுற்று விட்டுப்போகும். நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் வெட்டும் இடத்துக்கு முன்னால் கம்பியை முதலில் செங்குத்தாக மடித்துவிட்டு, அதன்பிறகு மடிப்பைத் தாண்டி வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியில் வழுக்கி, புதுக் கம்பியே செத்த சத்தம் போடும்.