ப்ளோனில் அட்டவணை போட எந்த வழி?

ப்ளோன் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் ஓடும் ஒரு தளத்தில் 4,000 அறிக்கைகள் கிடக்கின்றன. தலைப்பு, துறை, ஆண்டு, பக்கங்கள் என்று நான்கு பத்திகளில் காட்ட வேண்டும். எஸ்க்யூஎல் பழகியவருக்கு இது ஒரு செலக்ட் வரி. ப்ளோனுக்கு அடியில் இருக்கும் இசட்ஓடிபி (ZODB) தரவுத்தளத்தில் அட்டவணை என்பதே கிடையாது. பைத்தான் ஆப்ஜெக்ட்கள் அப்படியே சேமிக்கப்படுகின்றன. தொடாதவரை அவை 'கோஸ்ட்' நிலையில் தூங்கும், தொட்டால்தான் தரவு வட்டிலிருந்து ஏறும். அதனால் எந்த வழியானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒரு பக்கம் காட்ட எத்தனை ஆப்ஜெக்ட்களை எழுப்புகிறோம்?

கலெக்‌ஷனோடு (நிபந்தனைக்குப் பொருந்தும் உள்ளடக்கங்களைப் பட்டியலிடும் பக்கம்) வரும் டேபுலர் வியூ இதில் பத்தரைமாற்று. ப்ளோனின் தேடல் குறியீடான கேட்டலாக்கில் ஏற்கெனவே எழுதி வைத்த மெட்டாடேட்டாவிலிருந்தே காட்டுகிறது, ஒரு ஆப்ஜெக்டையும் எழுப்புவதில்லை. கோடு தெரியாத ஆசிரியரே பத்திகளைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் 'பக்கங்கள்' நாம் சேர்த்த புலம்; கேட்டலாக்கில் அதற்கு ஒரு மெட்டாடேட்டா பத்தி சேர்த்து, பழைய அறிக்கைகளையும் மறுபடி பதிய வேண்டும். செல்லுக்குள் விருப்பப்படி எதையாவது வரையவும் இதில் வழி இல்லை.

டெம்ப்ளேட்டில் கையால் எழுதுவது? ஒரே ஒரு அட்டவணை என்றால் சரி. இரண்டாவது வந்ததும் தலைப்பு, வரிசைப்படுத்தல், பக்கம் பிரித்தல் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும். எனக்கு இதில் பிடிப்பு இல்லை.

என் தேர்வு இசட்3சி.டேபிள் (z3c.table) என்ற பைத்தான் நூலகம். ஒவ்வொரு பத்தியும் ஒரு கிளாஸ்; ரெண்டர்செல் என்ற மெத்தடில் செல்லில் என்ன வர வேண்டுமோ அதைத் திருப்பித் தருகிறோம், வெயிட் எண்ணால் பத்திகளின் வரிசை அமைகிறது. பத்தியை அடாப்டராக (பெயர் சொல்லிப் பதிந்து வைக்கும் இணைப்புத் துண்டாக) பதிவு செய்தால், மூல அட்டவணையைத் தொடாமலே வேறொரு ஆட்-ஆன் தன் பத்தியைச் செருகலாம். வருடக்கணக்கில் வளரும் தளங்களுக்கு இதற்கு ஈடான வசதி மற்ற இரண்டிலும் இல்லை.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்து எழுந்தது. ஒரு பக்கத்துக்கு 50 வரிகள்தானே என்று முதல் பத்தியின் ரெண்டர்செல்லில், முழு ஆப்ஜெக்டை எழுப்பும் கெட்ஆப்ஜெக்ட் மெத்தடைப் போட்டேன். ஆனால் நாம் எதுவும் சொல்லாவிட்டால் இந்த நூலகம் முதல் பத்தியை வைத்து வரிசைப்படுத்தும். வரிசைப்படுத்தும் சாவிக்கு அந்த ரெண்டர்செல்லையே கூப்பிடும். அதையும் பக்கம் பிரிப்பதற்கு முன்பே செய்யும். விளைவு, 50 வரி காட்ட 4,000 ஆப்ஜெக்ட்களும் எழுந்தன. இப்போது கேட்டலாக்கிலேயே வரிசைப்படுத்தி வாங்குகிறேன், அட்டவணையின் சார்ட்ஆன் (sortOn) மதிப்பை None ஆக்கி நூலகத்தின் வரிசைப்படுத்தலை நிறுத்திவிடுகிறேன். அப்புறம் கெட்ஆப்ஜெக்ட் இருந்தாலும் கண்ணில் படும் 50 மட்டுமே எழும்.

ஆப்ஜெக்டை எழுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். அறிக்கைகளுக்கு நடுவே 'துறை' புலமே இல்லாத வேறு வகை உள்ளடக்கம் கலந்திருந்தால், அக்விசிஷன் (தன்னிடம் இல்லாததை மேலே உள்ள ஃபோல்டரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் முறை) வழியாக மேலே உள்ள ஃபோல்டரின் துறை அந்த வரியில் வந்து உட்காரும். பிழைச்செய்தி வராது, பார்க்கவும் சரியாகவே தெரியும். ஏக்யூ-பேஸால் (aq_base) அந்த அக்விசிஷன் உறையைக் கழற்றிவிட்டு, இல்லாவிட்டால் வெற்று மதிப்பு என்று சொல்லிக் கேட்டால் அந்தச் செல் காலியாக நிற்கும்.