மருத்துவமனைக் கழிவுநீரில் மருந்து எச்சம்: தானியங்கிக் கருவியா, போசிஸ் வட்டா?

எடுக்கும் நீர் மாதிரி தவறினால், மருந்தின் அளவைக் கண்டறியும் எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சரியான எண்ணைத் தராது. மாதிரி எடுக்க இரண்டு வழிகள் உண்டு. 24 மணிநேரமும் சிறிது சிறிதாக நீரெடுக்கும் தானியங்கிக் கருவி ஒன்று. இரு சவ்வுகளுக்கிடையே உறிஞ்சுபொருளை வைத்து 2 முதல் 4 வாரம் நீரில் தொங்கவிடும் போசிஸ் (POCIS) வட்டு மற்றொன்று.

செலவு
தானியங்கி: குளிர்பெட்டி, மின்சாரம், ஓட்டமானி எல்லாம் வேண்டும்.
போசிஸ்: வட்டு, கூண்டு, கயிறு போதும்.

துல்லியம்
தானியங்கி: இங்கே இடைவெளிதான் எல்லாம். ஸ்கேன் படம் தெளிவாகத் தெரியப் போட்ட அயோஹெக்சால் என்ற மருந்து நோயாளியின் சிறுநீரில் கிராம் கணக்கில் வெளியேறும். ஆனால் கழிப்பறையில் நீர் ஊற்றியதும் அந்த அலை குழாயைக் கடக்கச் சில நிமிடங்களே ஆகும். மணிக்கொருமுறை எடுத்தால் நழுவிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் எடுத்தால்தான் ஒரு நாளைக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடலாம்.
போசிஸ்: சராசரிச் செறிவு மட்டுமே கிடைக்கும், அதுவும் அந்தந்த மருந்தின் உறிஞ்சுவேகம் தெரிந்திருந்தால். சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மின் இதில் சரியாக ஒட்டாது.

கோளாறு
தானியங்கி: டிஷ்யூ காகிதம் உறிஞ்சுமுனையை அடைக்கும். 4 டிகிரி குளிர் தவறினால் பாட்டிலுக்குள்ளேயே மருந்து சிதையத் தொடங்கும்.
போசிஸ்: சவ்வில் வழுவழுப்பாகப் படலம் படர்ந்து உறிஞ்சுவேகம் மாறிவிடும். சுத்திகரிக்காத நீரில் இந்தத் தொல்லை அதிகம்.

சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு நீக்குகிறது என்று பார்க்க, உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் தானியங்கி வையுங்கள். வெளியேறும் நீரில் கார்பமாசெபைன் (வலிப்பு மருந்து), டைக்ளோஃபெனாக் (வலிநீக்கி) போன்றவை மாதக்கணக்கில் தொடர்ந்து வருகின்றனவா என்று அறிய போசிஸ் போதும்.