69 வெள்ளி பெடல் மெஷின்: அப்பா இரண்டு மாதம் மிதித்துப் பார்த்ததில்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் பெடல் மெஷினைப் பற்றி எழுதுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற சின்ன சைக்கிள், ஆன்லைனில் 69 வெள்ளி. அப்பாவுக்கு வயது 72, முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், புகையும் விடாமல் பிடித்தவர், இப்போது சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் நோய். ஒட்டுக்கடை வரை நடந்தால் பாதி வழியில் நின்றுவிடுவார். மூச்சுதான் காரணம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவரே ஒருநாள் "மூச்சு இருக்குடா, கால்தான் வரல" என்றார்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி பிசியோவிடம் கேட்டபோது, அப்பா சொல்வது சரி என்றார். இந்த நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குத் தொடையின் முன்பக்கத் தசை தளர்ந்திருக்குமாம். மூச்சு வாங்கும் என்று பயந்து நடப்பதைக் குறைக்க, தசை இளைத்து, அதற்கப்புறம் கொஞ்ச தூரத்துக்கே இன்னும் அதிகமாக மூச்சு வாங்குகிறது. நோய் திடீரென்று மோசமாகும்போதெல்லாம் கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரையும் அடிக்கடி எடுத்தால் தசையைக் கரைக்கும், வயது வேறு தன் பங்கைச் செய்கிறது.

சரி, மெஷினுக்கு வருவோம். வந்ததும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை மிதிச்சா தைப்பிங் போய்ச் சேரலாமா?" என்றார். போகிறதுதான் பிரச்சினை, டைல்ஸ் தரையில் மிதிக்க மிதிக்க முன்னால் நகர்ந்துகொண்டே போனது. பழைய கார் மிதியடியைக் கீழே போட்டு, முன்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தபிறகுதான் நின்றது. இறுக்கும் திருகைத் தளர்த்தினால் காற்றை மிதிப்பதுபோல் இருக்கிறது, ஒரு சுற்று இறுக்கினால் கட்டையாகிவிடுகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் திருகுக்குக் கீழே இரும்பு சூடாகும், பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கவனம். எண்ணிக்கை காட்டுகிற கடிகாரம் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிறது, அதைப் பார்த்துத்தான் அப்பாவுக்கே ஒரு வீம்பு வந்து தினமும் உட்கார்ந்தார்.

ஆனால் காலில் பலம் கூட்ட வேண்டுமானால் தசைக்குச் சுமை வேண்டும், இந்த மெஷின் அதைக் கொடுக்கவில்லை. பலம் வந்தது எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்துதான். சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டி, மூச்சை விட்டபடியே எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், கூடவே ஒரு கிலோ மணல் பையைக் கணுக்காலில் கட்டிக் காலை நீட்டி ஐந்து விநாடி பிடிப்பது, அந்தப் பை ஜோடி 25 வெள்ளிதான். இப்படிச் சுமை தூக்குகிற பயிற்சியில், நடப்பதையும் மிதிப்பதையும்விட மூச்சு வாங்குவது குறைவு, ஒரு நேரத்தில் கொஞ்சம் தசைதான் வேலை செய்கிறது என்பதால். அப்பாவைப் போன்றவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் என்று பிசியோ கடிகாரம் வைத்துப் பார்த்தார். தசை இளைப்பைப் பற்றி ஆசிய நிபுணர் குழு 2019-இல் சொன்ன கணக்கில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடலின் செயல்திறன் குறைவு என்று அர்த்தம். அப்பாவுக்கு முதல்நாள் 19, போன வாரம் 14. இன்னும் பாக்கி இருக்கிறது, ஆனால் ஒட்டுக்கடைக்கு நிற்காமல் போய்விட்டு வந்து, கோப்பி குடித்ததையும் சேர்த்து அம்மாவிடம் சொன்னார். சாப்பாட்டில் தினம் இரண்டு முட்டை சேர்த்தோம், மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. வெறுமனே கால் மரத்துப்போகாமல் இருக்க வேண்டும், மழைநாளில் நடக்க முடியாது என்பவர்கள் வாங்கலாம். கால் பலம்தான் வேண்டும் என்றால் முதலில் மணல் பையை வாங்குங்கள். ஆக்சிஜன் அளவு இறங்குகிறவர்கள் பிசியோவைப் பார்க்காமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள், விரலில் மாட்டுகிற கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பாவும் செய்கிறார்.

ஆறாவது வாரத்தில் இடது மிதியின் பட்டை அறுந்தது. விற்றவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மோட்டார் டியூப்பை வெட்டி அப்பாவே கட்டிக்கொண்டார்.